ஏழு குட்டி வயர்களும் நான் கேட்காத கேள்வியும்

சுதா, கதிர்,

மேசை இப்போது உங்களுடையது. வயரை எவ்வளவு உரிக்கணும், ஈயத்தை எந்தச் சூட்டில் வைக்கணும், ஜாக்கின் மூடியை எப்படி அழுத்தணும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சுதா, நீ போன மாதம் செய்த வயர் செட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்கு முன்னால்கூட என்னால் அவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிந்ததில்லை. அதனால் வேலை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. வேலை செய்கிறவன் எங்கே சறுக்குவான் என்பதைத்தான் எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

கதிர், உன்னோடு புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள் என்று சொன்னாய். அவர்களுக்காக நாலு வரி. கிட்டார் வாசிக்கிறவர்கள் காலடியில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், ஒன்று அலை மாதிரி ஆட்டும். பெடல் என்பார்கள். ஒரு பெடலிலிருந்து அடுத்த பெடலுக்கு விரல் நீளத்தில் ஒரு குட்டி வயர் போகும். பெடலுக்குள் சொருகுகிற வயர் முனைக்குச் சாதாரண ஜாக் போட்டால் இரண்டு பெடலுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடம் வீணாகும். நாம் போடுவது தட்டை ஜாக். நாலு ஐந்து காசை அடுக்கி வைத்த தடிமன்தான் இருக்கும். பெடல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், அதே பலகையில் இன்னும் ஒரு பெடல் வைக்கலாம். நம் பிழைப்பே அந்த இரண்டு விரல்கடை இடத்தில்தான்.

ஜூரோங் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் வயர் கட்டும் வேலை செய்துவிட்டு வந்தவன் நான். ஃபேக்டரியில் ஒரே சட்டம். மின்சாரம் போகிறதா என்று பார்க்கிற மீட்டரின் இரண்டு முனையையும் வயரில் வைக்க வேண்டும். இணைய வேண்டிய இடத்தில் 'பீப்' வர வேண்டும், இணையக்கூடாத இடத்தில் வரக்கூடாது. அவ்வளவுதான். பீப் சரியென்றால் பெட்டிக்குள் போகலாம். அந்த 'பீப்' சத்தத்தை நான் சாமி வாக்கு மாதிரி நம்பினேன்.

இந்தக் குட்டி வயர் வேலையைத் தொடங்கிய புதிதில், ஜாலான் புசார் பக்கத்துக் கடையில் ஒரு புது வயர் வந்திருந்தது. பழையதைவிட மெலிசு, நன்றாக வளையும். தட்டை ஜாக்குக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒரு முழுச் சுருள் வாங்கி வந்தேன். வீட்டில் உரித்துப் பார்த்தால், நடுக் கம்பி, அதன் மேல் வெள்ளை உறை, அதற்கு மேல் கறுப்பாக ஒரு மெல்லிய தோல், அதற்கு மேல் செம்புப் பின்னல். பழைய வயரில் அந்தக் கறுப்புத் தோல் கிடையாது. நான் என்ன நினைத்தேன்? பிளாஸ்டிக்தானே, கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்தேன். செம்புப் பின்னல் தவறிப்போய் நடுக் கம்பியைத் தொட்டுவிடக்கூடாது என்று, அந்தத் தோலை வெட்டாமல் ஈயம் வைக்கிற இடம் வரைக்கும் கவனமாக இழுத்து விட்டேன். உங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, சட்டைக்குள்ள பனியன் போட்ட மாதிரி" என்றேன். மீட்டர் வைத்தேன். எல்லாம் சரியாக 'பீப்' அடித்தது.

அந்தச் சுருளில் முதல் செட் பிரியாவுக்குப் போனது. உங்களுக்குத் தெரியும், ஃபேரர் பார்க்கில் நமக்கு அடுத்த புளோக். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்தால் கிட்டாரும் கையுமாக இருப்பாள். எட்டுப் பெடல், ஏழு குட்டி வயர். வாங்கிக்கொண்டு போன மறுநாள் லிஃப்டில் பார்த்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்கு அங்கிள்."

எனக்கு அது போதும். நான் நாலு பேரிடம் சொன்னேன், அவளும் நாலு பேரிடம் சொன்னாள். "எங்க அங்கிள் செஞ்சது" என்று சொல்லித்தான் பலகையைக் காட்டுவாளாம். அவளைப் பார்த்துத்தான் தேவாலயத்தில் வாசிக்கிற பிள்ளைகள், கல்யாண பேண்டில் வாசிக்கிறவர்கள் எல்லாம் வந்தார்கள். ஆறு மாதத்தில் அந்தச் சுருள் பாதிக்கு மேல் தீர்ந்தது. எல்லாரிடமும் கேட்டேன், எப்படி இருக்கு என்று. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

பொங்கல் வாரம், வியாழக்கிழமை காலை. காத்தோங்கிலிருந்து செல்வநாயகம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பார். அவருக்கு இரண்டு பெடல்தான், என்னிடம் வாங்கியது ஒரே ஒரு வயர். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, குறை நினைக்காதேயும். உம்மட வயரைப் போட்டா என்ர கிட்டாருக்குத் தடிமன் பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

"சளி பிடிச்ச மாதிரியா ஐயா?"

"ஓமோம். மூக்கடைச்ச சத்தம். பழைய வயரைப் போட்டா தும்மிப்போட்டுச் சுகமாயிடுது."

எனக்குச் சுருக்கென்றது. மீட்டரை எடுத்து, அவர் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினேன். 'பீப்' வர வேண்டிய இடத்தில் வந்தது, வரக்கூடாத இடத்தில் வரவில்லை. "பாத்தீங்களா ஐயா" என்றேன், வெற்றி பெற்ற மாதிரி.

"அது சத்தம் போடுறதை விடும். முள்ளை வேற பக்கம் திருப்பி, எண் எவ்வளவெண்டு பாரும்."

திருப்பினேன். ஒன்றும் காட்டக்கூடாத இடத்தில் ஒரு எண் நின்றது. அப்போதுதான் புரிந்தது, கறுப்புத் தோல் பாதுகாப்பே இல்லை. அதில் கரி கலந்திருக்கிறது. மின்சாரம் கொஞ்சமாக அதன் வழியே போகும். வயரை மிதித்தால் கரகரவென்று கேட்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். முனையில் அதை வெட்டி விட வேண்டும். வெட்டாமல் நடுக் கம்பி வரைக்கும் இழுத்து விட்டால், தண்ணீர்க் குழாயில் ஊசியால் குத்தின மாதிரி. சொட்டுச் சொட்டாக ஒழுகும். 'பீப்' என்பது குழாய் உடைந்தால்தான் கத்தும், ஊசித் துளைக்குக் கத்தாது. ஐயாவுக்கு ஒரே வயர், இரண்டு துளை. பிரியாவுக்கு ஏழு வயர், இரண்டு முனை. பதினாலு துளை.

ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்க அம்மா கொடுத்த தே ஓவை, பால் விடாத டீயை, குடித்துவிட்டு, புது வயரோடு போனார்.

நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சி. பிரியாவின் பேண்ட் வாசிக்கிறது. முதல் பாட்டு அவள் சொந்தமாகப் போட்ட மெட்டு. தொடக்கத்தில் வேறு யாரும் கிடையாது, அவள் கிட்டார் மட்டும் தனியாக. மூன்று வருஷமாக அந்த பேண்டில் பின்னால் நின்று வாசித்தவளுக்கு முதல் தடவையாகக் கிடைத்த இடம் அது. பேண்டை நடத்துகிற சேகர் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டாராம். "சவுண்ட் செக்ல சரியா வரலைன்னா கீபோர்டு தொடங்கட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் லிஃப்டில் பார்க்கும்போது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் அவள் கை பைக் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பூரா உட்கார்ந்து ஏழு வயர் புதிதாகச் செய்தேன். கறுப்புத் தோலை ஒழுங்காக வெட்டி, ஒவ்வொன்றையும் எண் பார்த்து. உங்க அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நிகழ்ச்சி நேரத்துல எதுக்கு அவளைக் குழப்பணும்? மாத்திட்டா சத்தம் நல்லாத்தான் ஆகும். சந்தோஷப்படுவா."

"அவ பொருள். சொல்லிட்டுத் தொடுங்க."

"நாளைக்கு வாசிச்சு முடிக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

அவளைக் குழப்பக்கூடாது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி என் வெட்கம். இருபத்திரண்டு வருஷம் வயர் கட்டினவன், கறுப்பாக இருந்ததைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டான் என்று அந்தப் பிள்ளை வாயால் யாரிடமும் போகக்கூடாது. அதுதான்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே மன்றத்துக்குப் போய்விட்டேன். மேடையில் கரும்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரியா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், இன்னும் சாப்பிடவில்லை.

"போய்ச் சாப்பிட்டு வாம்மா. நான் சும்மா வயரெல்லாம் ஒரு செக் பண்ணி வெக்கிறேன்."

"தேங்க்ஸ் அங்கிள். நீங்க இருக்கறதால டென்ஷனே இல்ல."

அவள் கீழே புரோட்டா வாங்கப் போன நேரத்தில் ஏழு வயரையும் மாற்றினேன். பழையதை என் பைக்குள் போட்டேன். பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவள் இன்று வாசிக்கும்போது எல்லாரும் அசந்துபோவார்கள், காரணம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நாலரை மணிக்கு அவள் மேடை ஏறினாள். முதல் கம்பியைத் தட்டினாள். கீ என்று ஒரு சத்தம். கரும்பு கட்டிக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

சவுண்ட் பார்த்தவர் காதர் பாய். ஹாலின் கடைசியில் மிக்சருக்குப் பின்னாலிருந்து கத்தினார். "தங்கச்சி, என்ன லா இது? நேத்து ரிஹர்சல்ல தேன் மாதிரி இருந்துச்சு. இன்னிக்குத் தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்கு!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம்தான் ஆனது. ஆறு மாதமாக அவள் சத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. மங்கலாகக் கேட்டதால், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் கூர்மையைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருக்கிறாள். பலம் குறைந்ததால் முதல் பெடலை ஏற்றி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு திருகும் என் கெட்ட வயருக்கு ஏற்ற மாதிரி நின்றிருக்கிறது. நான் ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டேன். தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாக வந்துவிட்டது.

அவளுக்கு இது எப்படித் தெரியும்? கிட்டாரைத் திருப்பிப் பார்த்தாள். கம்பியை முறுக்கினாள். ஒரு பெடலைப் போட்டாள், இன்னும் கீச்சென்றது. அணைத்தாள். தொடக்கத்தை வாசிக்க ஆரம்பித்தாள், நாலாவது சுரத்தில் விரல் தடுமாறி நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நிறுத்தினாள்.

சேகர் டிரம்ஸிலிருந்து எழுந்து வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பிரியா, பரவால்லம்மா. அஞ்சரைக்குக் கதவைத் திறந்துடுவாங்க. கீபோர்டு தொடங்கட்டும், நீ ரெண்டாவது வரியில சேர்ந்துக்க."

நான் அதற்குள் மேடைப் படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். என் திட்டம் என்ன தெரியுமா? "ஒரு நிமிஷம், வயர் ஏதோ லூசு" என்று சொல்லிவிட்டு, பையிலிருக்கிற பழைய வயரை மறுபடி மாட்டிவிடுவது. பத்து நிமிஷ வேலை. சத்தம் பழையபடி வந்துவிடும். "அங்கிள்தான் காப்பாத்தினார்" என்றுகூடச் சொல்வார்கள். ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகளே, நான் உங்களிடம் மறைக்கவில்லை. அந்தப் பொய் என் வாயில் பாதி வந்துவிட்டது. பையின் ஜிப்பையும் திறந்துவிட்டேன்.

அப்போது அவள் சேகரிடம் சொன்னாள். "பொருள்ல ஒண்ணும் இல்லண்ணே. என் கைதான் சரியில்ல. இந்த வாரம் டபுள் ஷிஃப்ட்."

என் தப்பை அவள் எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். பழைய வயரை நான் ரகசியமாக மாட்டினால் சத்தம் சரியாகும். ஆனால் இன்று நடந்ததற்குத் தன் கைதான் காரணம் என்று அந்தப் பிள்ளை எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருப்பாள்? அதற்கு மேல் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"உன் கை இல்லம்மா. நான்தான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புத் தோல், ஆறு மாதம், காத்தோங் ஐயா, அவள் சாப்பிடப் போனபோது மாற்றியது. சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரியா மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல அங்கிள்?"

"கேட்டிருக்கணும்."

"ஒரு மெசேஜ் போதுமே. இன்னிக்கு, அதுவும் இன்னிக்குப் போய்!"

"தப்புதாம்மா."

அவள் கண் கலங்கியிருந்தது. அப்புறம் ஒன்று சொன்னாள். அதைத்தான் நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மொத நாளே எனக்குக் கொஞ்சம் மந்தமாத்தான் கேட்டுச்சு. நீங்க ஆசையா செஞ்சு குடுத்தீங்க. லிஃப்டுல அப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கேக்கறீங்க. உங்ககிட்ட எப்படிப் போய் நல்லா இல்லன்னு சொல்றது? நானே திருகி வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

மரியாதை, பிள்ளைகளே. நான் வெட்கத்தால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டேன், அவள் மரியாதையால் ஆறு மாதம் மூடிக்கொண்டாள். அந்த ஆறு மாதமும் அந்தக் கிட்டார் சளி பிடித்துக் கிடந்தது. செல்வநாயகம் ஐயா என்னைவிட மூத்தவர். என் மனசு நோகுமே என்று பார்த்துப் பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனால்தான் அவர் ஒருத்தர் மட்டும் சொன்னார்.

மணி ஐந்து ஆக ஐந்து நிமிஷம். "பழசு பையில இருக்கு. பத்து நிமிஷத்துல மாட்டிடறேன். எல்லாம் நேத்து மாதிரி ஆயிடும். இல்ல புதுசையே வெச்சுக்கிட்டு, திருகெல்லாம் மறுபடி வெக்கலாம். அதுக்கு நேரம் பத்துமான்னு எனக்குத் தெரியல. நீ சொல்றதுதான்" என்றேன். சேகர், "பழசே போடுங்க, ரிஸ்க் வேணாம்" என்றார். அது நியாயமான பேச்சுதான். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

பிரியா ஆம்புக்குப் போனாள். கூர்மைத் திருகைப் பாதிக்கு இறக்கினாள், எல்லாப் பெடலையும் அணைத்தாள். ஒரே ஒரு கம்பியை மெதுவாகத் தட்டினாள். அந்தச் சத்தம் ஹாலின் கடைசி வரைக்கும் போய், மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவள் விரல் கம்பியில் நகர்கிற உரசல்கூடக் கேட்டது.

"இது என் கிட்டாரா?" என்றாள்.

காதர் பாய் பின்னாலிருந்து, "இது நல்லாருக்கு தங்கச்சி! நேத்துக்கு மேல!" என்றார்.

"புதுசே இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஒரு நேரத்தில் ஒரு திருகுதான். அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவசரத்தில் இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாது. நான் பலகையைத் தொடவில்லை. அவள் குனிந்து திருகுவாள், வாசிப்பாள், காதர் பாய் "இன்னும் கொஞ்சம் கீழ" என்பார், அடுத்ததுக்குப் போவாள். எட்டுப் பெடலில் நாலுதான் முடிந்தது. மீதி நாலையும் இன்று போடாமலே வாசிப்பது என்று அவளே முடிவெடுத்தாள். ஐந்தரைக்குக் கதவைத் திறப்பதற்கு முன் கடைசியாகச் சேகரைப் பார்த்தாள். அவர் தொடக்கத்தை ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவர் நேராகக் கீபோர்டு வாசிக்கிறவரிடம் போய், "நீ ரெண்டாவது வரி" என்றார்.

ஆறு மணிக்கு அவள் தனியாகத் தொடங்கினாள். ரிஹர்சலில் வாசித்ததைவிட மெதுவாக வாசித்தாள். சின்னச் சத்தமும் கேட்கிறது என்று தெரிந்துவிட்டதால் அவளுக்கு ஓங்கித் தட்ட வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கியது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் குழந்தைக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அந்தச் சுருளில் வயர் வாங்கின எல்லாருக்கும் ஃபோன் செய்தேன். தப்பு என்னுடையது, கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியபின் திருகெல்லாம் மறுபடி வைக்க வேண்டியிருக்கும், நிகழ்ச்சி இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். யாரும் திட்டவில்லை. குவீன்ஸ்டவுனில் தேவாலயத்தில் வாசிக்கிற ஒருத்தர், "எனக்கும் ஒரு டவுட்டு இருந்துச்சு அண்ணே. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். அப்படி மூன்று பேர் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து நான் கேட்கிற கேள்வியை மாற்றினேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஆட்கள் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு கேட்டால் கட்டாயம் அப்படித்தான் சொல்வார்கள். அது பதிலே இல்லை, வணக்கத்துக்கு வணக்கம். அதனால் நான் வயரைக் கொடுக்கும்போதே, "இதையும் உங்க பழைய வயரையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு, எது புடிக்கலன்னு சொல்லுங்க" என்பேன். ஒன்றைக் குறை சொல்லியே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை. குறை சொல்ல வந்தவரை உட்கார வைத்து முதலில் முழுதாகக் கேட்பேன். மீட்டரைக் கடைசியில்தான் எடுப்பேன். ஐயாவிடம் முதலிலேயே எடுத்து நீட்டினேனே, அது கேட்பதற்காக எடுத்த மீட்டர் இல்லை, அவர் வாயை அடைப்பதற்காக எடுத்தது.

தப்பு உங்களுக்கும் நடக்கும். புது வயர் வரும், புது ஜாக் வரும், நமக்குத் தெரிந்ததை வைத்து அதைத் தப்பாகப் புரிந்துகொள்வோம். அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் திருத்தும்போது சொல்லாமல் திருத்தாதீர்கள். உங்கள் தப்புக்கு மேல் அடுத்தவர் ஏற்கனவே ஒரு வீடு கட்டிக் குடியிருப்பார். அஸ்திவாரத்தைத் தோண்டுவதற்கு முன் கதவைத் தட்டுங்கள்.

பிரியா என்னோடு பேசுவாளோ மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அன்று மேடையிலிருந்து இறங்கியவள் கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு பேசவில்லை. திங்கள் லிஃப்டில் பார்க்கவில்லை. உங்க அம்மா, "ரெண்டு நாள் விடுங்க, அவளுக்கும் மனசு ஆறணும்ல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"அந்த மூணாவது வயர் இருக்குல்ல? அது நீளம். வளைஞ்சு மேல எழும்பி நிக்குது, கால் படுது. ஒரு சென்டிமீட்டர் கம்மி பண்ணணும். அப்புறம் அஞ்சாவது பெடல்ல ஜாக்கோட மூடி இடிக்குது, நீங்க அதைத் தலைகீழா வெச்சிருக்கீங்க. இது ரெண்டும் எனக்குப் புடிக்கவே இல்ல."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஆறு மாதத்தில் அவளாகவே கூப்பிட்டு என்னிடம் சொன்ன முதல் குறை.

"வேற என்ன புடிக்கல?" என்று கேட்டேன், பேனாவைத் தேடிக்கொண்டே.